கோயில் பாதுகாப்புக்கு அரசு நிதி கேட்கலாமா? கேட்டவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: மடப்பள்ளிக்காரி

வணக்கம். அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். எங்கள் கோயில் முன்பு சரக்குக் கிடங்காக இருந்த கட்டடம். பத்தொன்பது வருடமாக அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என் பொறுப்பு. மடப்பள்ளியின் பின்கதவை ஒரு அரிசி மூட்டையை அண்டக் கொடுத்துத் திறந்தே வைத்திருப்போம். மூடினால் தாளிக்கிற புகைக்குத் தீ அலாரம் அடித்துவிடும். அந்தக் கதவைப் பற்றி நான் இத்தனை வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போனபோது வாசல் பெயர்ப்பலகை முழுக்கக் கறுப்புப் பெயிண்ட். உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்பதும், அதோடு இங்கே எழுத முடியாத ஒரு சொல்லும். நான் உள்ளே போய்ப் பாத்திரங்களை இறக்கிவிட்டு வெளியே வருவதற்குள் கமிட்டிப் பெரியவர் ஒருவரும் இன்னொருவரும் தின்னர் ஊற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். "நாலு பேருக்குத் தெரிஞ்சா பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்ப மாட்டாங்கம்மா" என்றார். போலீசுக்குச் சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் கோயில் தொலைபேசியில் இரண்டு மிரட்டல்கள் பதிவாகியிருந்தன. அந்தக் கருவியில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். அதுவும் போயிற்று.

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமா வழியாக லாப நோக்கற்ற அமைப்புகளுக்குப் பாதுகாப்பு நிதி தருகிறார்கள் என்று தெரிந்து கமிட்டியில் பேசினேன். மூன்று மறுப்பு வந்தது. ஒன்று, ஆபத்தில் இருக்கிறோம் என்று நாமே எழுதிக் கொடுத்தால் அதுவே கவனத்தை இழுக்கும். இரண்டு, சாமி காரியத்துக்கு அரசாங்கத்திடம் கையேந்துவதா? மூன்று, இந்த நிதியைக் கூட்டச் சொல்லி அமெரிக்க காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினரிடம் போனால் அது அரசியல், கோயிலின் வரிவிலக்கு போய்விடும்.

இரண்டாவதுதான் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் அதைச் சொன்னவர் கோயிலுக்காகத் தன் வீட்டை அடமானம் வைத்தவர். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? உண்மையில் கேட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதில் 1: பொருளாளர்_விஸ்கான்சின்

அக்கா, உங்கள் பின்கதவைப் பற்றிப் படித்ததும் கை ஓடவில்லை. துப்பாக்கிச் சூடு நடந்த ஓக் க்ரீக் சீக்கியக் குருத்வாராவிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிறேன். 2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லோருக்கும் அன்னதானமான லங்கர் சமையல் நடந்துகொண்டிருந்தது. வெளியே விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் துப்பாக்கிக்காரனைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்து சொன்னதால் சமையலறையில் இருந்த பெண்கள் பலர் சாமான் அறைக்குள் ஒளிந்து பிழைத்தார்கள். அன்று ஆறு பேர் போனார்கள். படுகாயத்தோடு வருடக்கணக்கில் படுத்திருந்த ஏழாமவர் 2020-ல் இறந்தார். கதவுச் சட்டத்தில் ஒரு குண்டுத் துளையை இன்னும் அடைக்காமல் வைத்திருக்கிறார்கள். நான் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

கையேந்துவது என்ற சொல்லுக்கு என்னிடம் உள்ள பதிலும் அங்கிருந்துதான் வருகிறது. அன்று தாயை இழந்த ஹர்ப்ரீத் சிங் சைனி என்ற பதினெட்டு வயதுப் பையன் அடுத்த மாதமே செனட் குழு முன் போய் உட்கார்ந்தான். அவன் கேட்டது பணம் இல்லை. சீக்கியர்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்களை எஃப்.பி.ஐ. அப்போது தனியாக எண்ணவில்லை. தன் அம்மாவைக் கணக்கிலாவது சேருங்கள் என்று கேட்டான். பல அமைப்புகள் சேர்ந்து அழுத்திய பிறகு 2015 முதல் சீக்கியர், இந்து, அரபு மக்கள் மீதான குற்றங்கள் தனித்தனியாகப் பதிவாகின்றன. இன்று உங்கள் பெயர்ப்பலகைச் சம்பவம் இந்துக்களுக்கு எதிரானது என்று படிவத்தில் ஒரு கட்டத்தில் குறிக்கப்பட முடியும் என்றால் அந்தப் பையன் கேட்டதும் ஒரு காரணம். ஆனால் தின்னர் ஊற்றித் துடைத்த சம்பவம் எந்தக் கணக்கிலும் வராது. பெரியவர் நல்ல மனதோடுதான் துடைத்திருப்பார். இருந்தாலும் அடுத்த முறை முதலில் படம், அடுத்து போலீஸ், அப்புறம்தான் தின்னர்.

நிதியைப் பற்றி. 2005-ல் இரண்டரை கோடி டாலரில் தொடங்கியது. 2023-ல் 30.5 கோடி. அந்த ஆண்டு கேட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் கிடைத்தது. உங்கள் விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மொத்தத் தொகை போதாவிட்டால் பக்கத்து ஊர் சர்ச்சோ யூதர்களின் ஜெப ஆலயமோ வெளியே நிற்கும், அல்லது நீங்கள் நிற்பீர்கள். அதனால் விண்ணப்பம் எழுதுவதும் நிதியைக் கூட்டச் சொல்வதும் இரண்டு தனி வேலைகள் இல்லை.

நேராக ஃபெமாவுக்கு எழுத முடியாது. உங்கள் மாநிலத்தில் இதற்கென்று உள்ள நிர்வாக அலுவலகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர்களுடைய கடைசித் தேதி ஃபெமா தேதிக்கு வெகு முன்னால் இருக்கும், அறிவிப்பு வந்தபின் சில வாரங்களே கிடைக்கும். அதனால் அரசு நிதி கேட்கும் அமைப்புகளுக்கான அடையாள எண்ணான யூ.இ.ஐ. எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள். பலவீன மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வேண்டும். அதற்கு சைபர், உள்கட்டமைப்புப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான சிசாவின் பாதுகாப்பு ஆலோசகரைக் கூப்பிட்டால் காசு வாங்காமல் வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பார். விண்ணப்பத்தில் முக்கியமாகக் கேட்பது மூன்று: அச்சுறுத்தல் என்ன, உங்களிடம் எங்கே ஓட்டை, நடந்தால் என்ன ஆகும். "உலகமெங்கும் வெறுப்பு பெருகிவருகிறது" என்று நான் முதல் முறை ஒரு பக்கம் எழுதினேன். நிராகரித்துவிட்டார்கள். இரண்டாம் முறை தேதி, போலீஸ் அறிக்கை எண், மூலஸ்தானத்துக்கு எதிரே வாகன நிறுத்தத்தைப் பார்த்த எட்டு அடிக் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் பிள்ளைகள் எத்தனை பேர், இதை எழுதினேன். கிடைத்தது.

இனி நான் செய்த தவறு. இந்தப் பணம் முன்கூட்டிக் கையில் வராது. நாம் செலவழித்துவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். ஒரு இடத்துக்கு உச்சவரம்பு 2023-ல் ஒன்றரை லட்சம் டாலர், 2025-ல் இரண்டு லட்சம். சரி, கடிதம் வந்துவிட்டதே என்று வண்டி மோதாமல் தடுக்கும் இரும்புத் தூண்களுக்கு மறுவாரமே குழி தோண்டிவிட்டேன். மண்ணைத் தொடும் வேலைக்கும் கட்டடத்தில் மாற்றம் செய்யும் வேலைக்கும் சுற்றுச்சூழல், வரலாற்றுச் சின்ன ஆய்வு முடிந்து அனுமதி வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். விதிகளில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. அந்தத் தூண்களுக்கான பணம் திரும்ப வரவில்லை. பக்தர்கள் உண்டியலில் போட்ட பணம் அது. இன்றும் அந்தத் தூண்களைக் கடக்கும்போது மனசு வலிக்கும்.

பதில் 2: பள்ளிவாசல்_தெரு

சகோதரிக்கு ஸலாம். நியூயார்க்கிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கமிட்டியில் யாரும் கேட்காத ஒரு கேள்வி எங்கள் பள்ளிவாசலில் மாதக்கணக்கில் ஓடியது. 2001-க்குப் பிறகு இந்த நகரக் காவல்துறையின் ஒரு பிரிவு எங்கள் பள்ளிவாசல்கள், கடைகள், மாணவர் சங்கங்கள் வரை ரகசியமாகக் கண்காணித்தது. 2011-ல் அது செய்தியாக வெளிவந்தது, 2014-ல் அந்தப் பிரிவைக் கலைத்தார்கள். அப்படி இருக்கும்போது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் காசில் நம் வாசலிலேயே கேமரா வைப்பதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதை முட்டாள்தனம் என்று சொன்னவர்களோடு நான் சண்டையே போட்டேன்.

2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்துப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ நேரத்தில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு பேச்சு மாறியது. வேண்டுமா வேண்டாமா என்பது போய், எந்த நிபந்தனையில் என்று ஆனது. நாங்கள் எழுத்தில் முடிவு செய்தோம்: பதிவுகள் எங்கள் கட்டடத்திலேயே இருக்கும், முப்பது நாளில் அழியும், யார் கேட்டாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கொடுக்க மாட்டோம், தொழுகை நடக்கும் இடத்துக்குள் கேமரா கிடையாது. நிதியில் பெரும்பகுதியைக் கதவுகளுக்கும், கண்ணாடி உடைந்தால் சிதறாமல் பிடித்து வைக்கும் படலத்துக்கும், அவசர வழிகளுக்கும் செலவழித்தோம். நிதி ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞர் வரிவரியாகப் படிக்கட்டும்.

உங்கள் பெரியவர் சொன்ன கையேந்துதலுக்கு என் வாப்பா சொன்னதைச் சொல்கிறேன். தெருவிளக்கும் தீயணைப்பு வண்டியும் பள்ளிவாசல் முன்னால் வரும்போது நாம் வெட்கப்படவில்லையே என்றார். நாமும் வரி கட்டுகிறோம். தொழுகைக்கோ பூஜைக்கோ அரசு காசு கேட்டால்தான் தப்பு. உயிரோடு வீடு திரும்புவதற்குக் கேட்பது குடிமக்களின் உரிமை. இந்த நிதி மதங்களுக்கு மட்டுமானதும் இல்லை, ஆபத்தில் இருக்கும் எந்த லாப நோக்கற்ற அமைப்பும் கேட்கலாம்.

பதில் 3: மட்டுநகர்_மகள்

அக்கா, நான் மட்டக்களப்பு. இப்ப கனடாவில். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் எங்கள் சீயோன் தேவாலயத்தில் போனவர்களில் கனபேர் சின்னப் பிள்ளைகள். ஞாயிறு வகுப்பு முடிஞ்சு முற்றத்தில் நின்ற பிள்ளைகள். எனக்குத் தெரிந்த குடும்பங்கள், அதனால் அதற்கு மேல் எழுத ஏலாது.

ஒன்றை மட்டும் சொல்ல வேணும். வந்தவனைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பையோடு உள்ளே போக விடாமல் வெளியிலேயே மறித்தவர் சபையைச் சேர்ந்த ஒரு மனிதர். அவர் காவலாளி இல்லை. அவரும் போய்விட்டார். அவன் உள்ளே போயிருந்தால் இன்னும் எத்தனை பேரோ. நாடு முழுக்க அன்று 260-க்கு மேல் உயிர் போனது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தும் அரசு ஆலயங்களுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் யாராவது எனக்கு "அரசாங்கத்திட்ட ஏன் கேக்கிறாய்" என்று சொன்னால் கோபம் வரும். மக்களைக் காப்பது அதன் முதல் வேலை. நாங்கள் கேளாமல் இருந்தால் அவர்கள் தங்கள் பாட்டில் இருப்பார்கள்.

இன்னொன்று. இரும்பும் கேமராவும் மட்டும் கேளாதீர்கள். வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்பவர்களுக்குப் பயிற்சி கேளுங்கள். உங்கள் நாட்டு நிதியில் பயிற்சிக்கும் கேட்க இடமுண்டு. 2022 ஜனவரியில் டெக்ஸாஸ் கோலிவில்லில் ஜெப ஆலயத்தில் பிணைக்கைதிகளாக இருந்தவர்கள் தப்பியது, அங்கே இருந்த ரபி, அதாவது யூத மதகுரு, கதிரையைத் தூக்கி எறிந்து மற்றவர்களை ஓடச் செய்ததால். முன்பு எடுத்த பாதுகாப்புப் பயிற்சிதான் கைகொடுத்தது என்று அவரே சொன்னார்.

பதில் 4: கணக்குப்பிள்ளை

மூன்றாவது மறுப்புக்கு மட்டும் பதில். 501(சி)(3) அமைப்பு, அதாவது உங்கள் கோயில்போல் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு, வேட்பாளர் யாரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. அது முழுத்தடை. நிதிக்கு விண்ணப்பிப்பது லாபியிங் (சட்டம் இயற்றுபவர்களிடம் ஒரு மசோதாவுக்கு ஆதரவோ எதிர்ப்போ கேட்பது) ஆகாது. நிதியைக் கூட்டும் மசோதாவுக்கு ஆதரவு தாருங்கள் என்று உறுப்பினரைக் கேட்பது லாபியிங்தான், ஆனால் அளவோடு செய்ய அனுமதி உண்டு. அந்த அளவு என்ன என்ற குழப்பம் வேண்டாமென்றால் மற்ற அமைப்புகள் 5768 படிவம் கொடுத்து 501(எச்) கணக்குக்கு மாறலாம், அதில் முதல் ஐந்து லட்சம் டாலர் செலவில் 20 சதவீதம் வரை போகலாம். சர்ச்சுக்குச் சமமான வழிபாட்டு அமைப்புகளுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் பழைய விதிப்படி, மொத்த வேலையில் சிறு பகுதியாக வைத்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு இரண்டு சந்திப்பும் ஒரு கடிதமும் எந்த விதத்திலும் பெரும் பகுதி ஆகாது. அரசு நிதியிலிருந்து ஒரு காசுகூட இதற்குப் போகக் கூடாது. அப்புறம், வாக்காளராக, சொந்தப் பெயரில் நீங்கள் என்ன கேட்டாலும் கோயிலுக்குச் சம்பந்தமில்லை.

காலம் பார்த்துப் போங்கள். நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். ஒதுக்கீட்டுக் குழுவிடம் உறுப்பினர்கள் தங்கள் கோரிக்கையைக் கொடுப்பது பெரும்பாலும் வசந்த காலத்தில். செப்டம்பரில் போய்க் கேட்டால் தேநீர் கிடைக்கும்.

மீண்டும்: மடப்பள்ளிக்காரி (மூன்று மாதம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

பொருளாளர் தம்பி, உங்கள் பதிலை அச்செடுத்துப் பெரியவர் வீட்டுக்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கணக்கில் சேருங்கள் என்று அந்தப் பையன் கேட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் துடைச்சிருக்கக் கூடாது" என்றார். அவரே போலீஸ் நிலையத்துக்கு வந்தார். தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை விட வந்த ஓர் அப்பா துடைப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்திருந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது எங்களுக்கு ஓர் அறிக்கை எண் இருக்கிறது.

சிசா ஆலோசகர் வந்தார். இரண்டு மணி நேரம் சுற்றினார். செருப்பு ரேக் அவசர வழியைப் பாதி மறைப்பதைக் காட்டினார். அர்ச்சகர் உட்காரும் இடத்திலிருந்து வாசல் தெரியவில்லை என்றார். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. மடப்பள்ளியில் அரிசி மூட்டை முன்னால் நின்று ஏன் இது என்று கேட்டார். புகையைச் சொன்னேன். அப்படியானால் முதலில் புகை வெளியேற்றும் விசிறியைச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும் இந்த மூட்டை திரும்ப வந்துவிடும் என்றார். விசிறி இந்த நிதியில் வராது. வீட்டை அடமானம் வைத்த அதே பெரியவர் அதற்குச் செக் எழுதிவிட்டார். கதவுக்கும், வாசல் கண்ணாடிப் படலத்துக்கும், வரவேற்பவர்கள் பயிற்சிக்கும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மட்டுநகர்த் தங்கை, பயிற்சியை முதலில் வைத்தது உங்களுக்காக.

பிறகு காங்கிரஸ் உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போனோம். நான் தனியாகப் போகவில்லை. குருத்வாராவிலிருந்து ஒருவர், பள்ளிவாசலிலிருந்து ஒருவர், கறுப்பின மக்களின் சர்ச் ஒன்றின் பாஸ்டர், ஜெப ஆலயத்தின் ஓர் அம்மா. அந்த அம்மா பல வருடங்களாக இதே அலுவலகத்தின் படியேறிக்கொண்டிருக்கிறார். உள்ளே போகும் முன் எங்களிடம், "உங்கள் கட்டடத்துக்கு என்ன வேண்டும் என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் நிற்பவரின் கட்டடத்துக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார். அதனால் நான் பாஸ்டரின் சர்ச் பற்றிப் பேசினேன். 2015-ல் சார்ல்ஸ்டன் நகரத்தில் ஒரு கறுப்பின சர்ச்சில் பைபிள் படிப்புக்கு வந்தவனை உள்ளே உட்கார வைத்த ஒன்பது பேர் கொல்லப்பட்டதிலிருந்து புதன்கிழமைகளில் பாஸ்டரின் மனைவி வாசலுக்கு முகம் காட்டித்தான் உட்காருகிறார் என்று சொன்னேன். பாஸ்டர் என் பின்கதவைப் பற்றிச் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார்.

இருபது நிமிடம் கொடுத்தார்கள். ஒதுக்கீட்டை உயர்த்தக் கேட்கும் கூட்டுக் கடிதத்தில் உறுப்பினரின் கையெழுத்தைக் கேட்டோம். குறிப்பெடுத்துக்கொண்ட பெண் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: உங்கள் மாநிலத்தில் விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர்கள் யார் யார், அவர்கள் எதற்காகக் கேட்டார்கள்? எங்கள் ஐந்து பேரில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பட்டியலைக் கொண்டுவந்தால் உறுப்பினரிடம் நேரே காட்டுவதாகச் சொன்னாள்.

இப்போது அதைத்தான் சேர்க்கிறேன். நடுமேற்கு மாநிலங்களில் கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, எந்த வழிபாட்டு இடமாக இருந்தாலும் சரி, கேட்டுக் கிடைக்காமல் போயிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எந்த ஆண்டு, எதற்காகக் கேட்டீர்கள், அது இன்னும் செய்யப்படாமல் இருக்கிறதா என்ற மூன்றும் போதும். கட்டடத்தின் பெயரை வெளியே சொல்ல வேண்டாமென்றால் சொல்ல மாட்டேன். அடுத்த சந்திப்பு பிப்ரவரி கடைசி வாரம்.